காப்புக் கட்டிய சின்னம்மா

கந்தசஷ்டிக்குச் சின்னம்மா கையில் விரதக் காப்புக் கட்டியபோது வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வந்தது. எனக்கு மட்டும் சந்தேகம் வந்தது. பசி என்றால் ஊரைக் கூட்டுகிறவர் ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு இருப்பார் என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

அம்மாவின் கவலை வேறு. முல்லைத்தீவில் போன் திருத்தும் கடை வைத்திருந்த ஒருவரைச் சின்னம்மா விரும்பினார். அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். அதனால் தன் தங்கையின் போனை அம்மா அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். காப்புக் கட்டிய அன்று அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"காப்புக் கையோட ஒருத்தியும் ஊரெல்லை தாண்டமாட்டாள். இனி முருகன் காவல் நிப்பான்" என்றார்.

காவலை முருகனிடம் விட எனக்கு மனமில்லை. முள்ளியவளைக் கோயிலில் சின்னம்மா பூக்கட்டிய இடமெல்லாம் நானும் நின்றேன். அவருடைய வாயை மோந்து பார்த்தேன், பையைக் கிளறினேன். ஒரு வாழைப்பழத் தோல்கூட அகப்படவில்லை.

சூரன்போர் நடந்த பின்னேரம் அவர் சனத்தை விட்டு விலகிக் கோயிலின் பின்பக்கம் போனார். சாப்பாடு வந்துவிட்டது என்று நானும் போய்த் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்தேன். அங்கே போன்கடைக்காரர் மோட்டார் சைக்கிளோடு நின்றார். கையில் பார்சல் ஒன்றுமில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

"வெளிக்கிடும். வவுனியாவில என்ர அக்கா வீட்டில எல்லாம் ஒழுங்கு" என்றார் அவர்.

"கையில காப்புக் கிடக்குது. விடிய ஐயர் அவிழ்த்துவிடுவார். அவிழ்த்த உடன ரோட்டுக்கு வந்து நிக்கிறன், கூட்டிக்கொண்டு போங்கோ."

"நாளைக்கு வேற சாட்டுச் சொல்லுவீர்."

"சாட்டில்லை. உங்களுக்காக நேர்ந்துதான் கட்டினனான்."

அவர் நம்பவில்லை. "உமக்கு நானோ முருகனோ பெரிசு எண்டு இப்ப விளங்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓர் இரவு பொறுக்கமாட்டாத அந்த மனிதர்மீது எனக்கு இன்றும் கோபம்தான்.

மறுநாள் விரதம் முடிக்கும் பாரணைக்கு அம்மா பல கறிகளோடு சமைத்து, தங்கை தப்பிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் பெரிய வாழையிலையாகப் பார்த்துப் போட்டார். காப்பை அவிழ்த்துவிட்டு வந்த சின்னம்மா நல்ல உடுப்பை மாற்றிக்கொண்டு வாசல் படலையடியில் போய் நின்றார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தார். அம்மா கூப்பிட்டுக் களைத்த பிறகு நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. இலைச் சோற்றில் ஈ மொய்க்க, அத்தனை நாள் பட்டினி கிடந்தவர் ஏன் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.