வக்கீலின் கைக் கொப்புளம்

வாசகசாலை நண்பர்களே, இந்தப் பலகையில் என் எழுத்து ஏறியும் இறங்கியும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மீசை நரைத்த பிறகு அரிச்சுவடி பிடித்த கை.

இன்று கோல்ஃப் மைதானத்தில் கரமனை வக்கீலுக்கு மட்டை சுமந்தேன். மகனுக்குச் சர்க்கார் வேலை கேட்பதற்காக ஒரு துரையோடு ஆட வந்திருந்தார். பல வருடம் ஆடிப் பழகியவன் என்று துரையிடம் அளந்தும் விட்டிருந்தார்.

பாதி ஆட்டத்தில் அவர் உள்ளங்கையில் கொப்புளம். இடுப்பும் பிடித்துக்கொண்டது.

"துணி சுத்தித் தரட்டா சாமி?" என்றேன்.

"போடா! உன் கையும் என் கையும் ஒண்ணா?"

சரி என்று விட்டுவிட்டேன். கொப்புளம் உடைந்தது. ஒவ்வோர் அடிக்கும் அவர் பல்லைக் கடித்தார். நான் மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தேன்.

ஆட்டம் முடிந்ததும் துரை கைகுலுக்கக் கையை நீட்டினார். வக்கீல் புண்ணுக்குப் பயந்து, விரல்நுனிகளை மட்டும் சேர்த்துக் கும்பிட்டார்.

துரையின் முகம் கறுத்தது. "ஓ, வெள்ளைக்காரன் கையைத் தொடமாட்டாயோ? நீயும் சுதேசியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் காரை நோக்கி நடந்தார்.

இடுப்பு பிடித்த வக்கீலால் பின்னால் ஓட முடியவில்லை. "பெரியவரே, ஓடிப்போய்ச் சொல்லுமே, கை புண்ணுன்னு! பிள்ளை வேலை போயிடும்!"

இப்போது நான் பெரியவர்!

"காலு சுளுக்கிட்டு சாமி" என்று புல்லில் உட்கார்ந்துவிட்டேன். கார் போய்விட்டது.

காலுக்கு ஒன்றுமில்லை. நான் ஓடியிருக்க வேண்டும் என்பவர்கள் கீழே எழுதுங்கள். எழுத்துக்கூட்டிப் படித்துப் பதில் எழுத எனக்கு ஒரு வாரம் ஆகும்.