ஒப்புக்கு நின்றவர்

‘வெற்றி பெற்றவர் வீட்டு உரிமையாளர் அல்ல என்று தெரியவந்துள்ளதால், விதிப்படி அடுத்த நிலையில் உள்ளவர் செயலாளராகப் பொறுப்பேற்கிறார்.’

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்து மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பு இது. தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது. எந்தப் புகாரின் பேரில் இந்த முடிவு, அது யாரிடமிருந்து எப்போது வந்தது என்பது மட்டும் இல்லை.

வென்றவர் தரைத்தள டீச்சர். சாந்தோம் பக்கம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பத்து வீட்டில் எட்டு ஓட்டு அவருக்கு. கட்டடத்தை இடித்துக் கட்ட ஒரு பில்டர் எங்களைச் சுற்றிவந்துகொண்டிருந்தார். செயலாளர் அனுமதித்தால்தான் அளவெடுக்கவே உள்ளே வரலாம். டீச்சர் அனுமதிக்க மாட்டார்.

“மூணு வருஷம் வெளியில இருக்கணுமாம். இந்த முட்டியை வச்சுக்கிட்டு, எழுபத்தாறு வயசுல நான் வாடகை வீடு தேடி அலையணுமா?” என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலேயே கேட்டார்.

எதிர்த்து நின்றவர் இரண்டாம் மாடிக்காரர். போட்டியே இல்லாமல் தேர்வானால் நன்றாக இருக்காது, ஒப்புக்காவது ஒருவர் வேண்டும் என்று அவரே சொல்லி, அவரே பெயர் கொடுத்தார்.

“டீச்சர், எனக்கே நான் ஓட்டுப் போட மாட்டேன். பயப்படாதீங்க.”

“டெபாசிட்டாவது வாங்குங்க தம்பி.”

எல்லோரும் சிரித்தோம். அறிவிப்பைப் பார்த்த பிறகுதான் விதிப்புத்தகத்தைப் படித்தேன். தனியாக நின்று தேர்வானவருக்குத் தகுதியில்லை என்றால் மறுதேர்தல். போட்டி நடந்திருந்தால் மட்டுமே அடுத்தவருக்குப் பதவி, அவர் வாங்கியது இரண்டே ஓட்டானாலும்.

டீச்சர் வீட்டை மகள் பெயருக்கு எழுதிவைத்தது எங்களுக்குத் தெரியாது. தான் குடியிருப்பது தன் வீடுதான் என்ற நினைப்பில் அவரும் அதைச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் டீச்சர், தேனாம்பேட்டையில் இருக்கும் மகள், பதிவு அலுவலகத்துக்குக் கூடவே போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். போட்டவர் இரண்டாம் மாடிக்காரர்.

மாடிப்படியில் மடக்கிக் கேட்டேன். “தெரிஞ்சுதானே நின்னீங்க?”

“மறந்தே போச்சு சார்.”

“அப்போ புகார் குடுத்தது யாரு?”

“என்னையே ஏன் கேக்கறீங்க? தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தானா?” என்று கீழே டீச்சர் வீட்டுக் கதவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மகளையும் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

அடுத்த வாரமே பில்டரின் ஆட்கள் டேப்புடன் வந்தார்கள். வாட்ச்மேனைக் கடிந்துகொண்டேன்.

“இன்னா சார், என்னாண்ட கோச்சிக்கிறே? செகரட்டரிதான் வுடச் சொன்னாரு.”

டீச்சர் தன் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “என் பொண்ணு சொல்லாம ஒருத்தரும் உள்ள வரக் கூடாது.”

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். “அவங்க சம்மதக் கையெழுத்துப் போட்டாச்சு டீச்சர்.”

டீச்சர் அங்கேயே மகளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. “அம்மா, ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பேசறேன்மா.”

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆட்கள் அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டை அளந்தார்கள். டீச்சர் அவர்கள் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து போனார். என்ன பேசினார்கள் என்று டீச்சர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கையெழுத்துத் தாளை இருமுறை கேட்டும் செயலாளர் காட்டவில்லை. மகள் கையெழுத்திட்டாரா, இட்டிருந்தால் தேர்தலுக்கு முன்பா பின்பா என்பதை இதை எழுதும்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.