கோமதி டீச்சர் தொடவிடாத ஆமைக்குஞ்சு

எழுபது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். பஸ்ஸில் போகும்போது ஒரு கடைப் பலகையையும் விடுவதில்லை. படத்தைப் பார்க்கும் முன்பே எழுத்தைப் பார்க்கும் ஆளாகிவிட்டேன். போன வாரம் ஸ்ரீரங்கத்தில் அப்படித்தான் ஒரு பேனரை ஆசையாகப் படித்தேன். 'கண்ணீர் அஞ்சலி' என்றது முதல் வரி. அடுத்த வரியில் கோமதி டீச்சர் பெயர். தப்பாகப் படித்திருப்பேன் என்று திரும்பக் கூட்டினேன். சரியாகத்தான் படித்திருந்தேன்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரிடம் பாடம் படித்தவர்கள். நான் காட்டூரில் மூங்கில் வேலை செய்கிறவன். டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு மாசிதோறும் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக்குப் போய், கடலாமை இட்ட முட்டைகளைப் பத்திரமான இடத்தில் புதைத்துக் காத்துவந்தார். நாய் நுழையாமல் சுற்றி வேலி கட்ட என்னைக் கூட்டிப்போவார். "வேலியை நாய்க்குக் கட்டுங்கண்ணே, எனக்குக் கட்டாதீங்க. நான் உள்ள போகணும்ல" என்று கேலி செய்வார்.

ஒரு விடியற்காலை, பொரிந்த குஞ்சுகளைக் கடலுக்கு விட வேலியைத் திறந்தோம். இருட்டு முழுதாகக் கலையவில்லை. குப்பத்துப் பெண்கள் தட்டில் கற்பூரம் ஏற்றி வந்துவிட்டார்கள். ஆமை பெருமாள் அவதாரமாயிற்றே, ஆரத்தி காட்டி வழியனுப்ப வேண்டாமா? ஆனால் வெளிச்சம் இருக்கும் பக்கம் போவதுதான் குஞ்சுகளின் குணம். கடலைப் பார்த்துப் போனவை எல்லாம் திரும்பித் தட்டை நோக்கி வந்தன.

"ஐயோ, அணைங்கம்மா! உங்க வீட்டுக்கே வருது பாருங்க!"

"சாமிக்கு ஏத்துனதை வாயால ஊதலாமா டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

"மணலைப் போட்டு மூடுங்க. சாமி என்கிட்ட கோவிச்சுக்கட்டும்."

மூடினார்கள். குஞ்சுகள் மறுபடி கடல் பக்கம் திரும்பின. அலைந்ததில் ஒன்று மட்டும் சோர்ந்து பின்தங்கியது. அதற்குள் காக்கைகள் வந்துவிட்டன. தூக்கித் தண்ணீரில் விடலாமென்று குனிந்தேன். டீச்சர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். "தொடாதீங்கண்ணே. மணல்ல தானா நடந்து போனாத்தான் இந்தக் கரை அதுக்கு ஞாபகம் இருக்கும்."

துண்டை வீசிக் காக்கைகளை விரட்டியபடி கூடவே நடந்தோம். தண்ணீரைத் தொட்டுவிட்டது. அலை அதைப் பின்னால் தள்ளியது. அந்த நொடியில் ஒரு காக்கை கொத்திக்கொண்டு போய்விட்டது.

"தூக்கி விட்டிருக்கலாமே டீச்சர்."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த குழியைப் பார்க்கப் போனார்.

கடைசி நாட்களில் புத்தூர் ஆஸ்பத்திரியில் அவர் கிடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பக்கத்தில் நின்று பார்த்திருப்பேன், அவ்வளவுதான்.

என் மணிக்கட்டில் அவர் பிடித்த பிடி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். வருகிற மாசியிலும் வேலி கட்டப் போவேன். ஒரு குஞ்சு பின்தங்கினால் என்னையறியாமல் குனிவேன். பிடித்து நிறுத்தத்தான் ஆள் இல்லை.