நாலு வீட்டு ஆடு

துபாய் தேராவில் கிருபன் வேலை செய்வது ஒரு தர்ம நிதியத்தில். தேநீர் கொடுப்பது, கூட்ட அறையில் புரொஜெக்டரைப் போட்டு அணைப்பது, இவ்வளவுதான் டியூட்டி. ஆனால் சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் அவன் "நிதியத்தில் பெரிய ஆள்". லீவில் போனால் வாசலில் மனுவோடு ஆட்கள் நிற்பார்கள். அதை மறுத்துச் சொல்ல அவனும் பெரிதாக அவசரப்பட்டதில்லை.

போன வருடம் நிதியம் கோப்பாயில் நாலு பெண்களுக்கு ஆடு கொடுத்தது. ஒருத்தி கிருபனின் அக்கா சுகந்தா. ஆட்டை விற்கக் கூடாது. விற்றவர்களுக்கு இந்த வருடம் நிதியம் கட்டிக் கொடுக்கும் கொட்டகை கிடையாது என்பது விதி. அக்கா விற்றுவிட்டாள். அது கிருபனுக்கும் தெரியும்.

நிதியத்தை நடத்துபவர் காயல்பட்டினத்து நகைக்கடை முதலாளி செய்கு அலாவுதீன். கொடுத்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் நாலு வீட்டுக்கும் வரிசையாக வீடியோ கால் போடச் சொன்னார். பெரிய திரையில் முதல் வீடு; காது கிழிந்த ஓர் ஆடு. இரண்டாம் வீட்டு ஆட்டுக்கும் காது கிழிந்திருந்தது. மூன்றாம் வீட்டில் அதே காதோடு ஓர் ஆடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

"எல்லாம் ஒருதாய்ப் பிள்ளைங்க போல!" என்று முதலாளி பூரித்துப்போனார்.

அடுத்தது அக்கா வீடு. கிருபன் காலால் புரொஜெக்டர் வயரை இழுத்துவிட்டான். திரை இருண்டது. மடிக்கணினியில் குரல் ஓடிக்கொண்டிருக்கும் என்பதைத்தான் அவன் யோசிக்கவில்லை.

"எடியே, ஆடு எங்கயடி? நாலு வீட்டுக்கும் ஒண்டுதான் எண்டு தெரியுமெல்லே, ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வா!"

அக்காவேதான். பின்னால் ஏதோ கடகடத்தது.

முதலாளி மெல்லக் கேட்டார்: "ஏம்மா, அது என்ன சத்தம்?"

அக்கா சொன்னாள்: "மாவரைக்கிற மெசின், ஐயா. உங்கட ஆட்டை வித்துத்தான் வாங்கினனான். ஆடு எங்கட வீட்டுத் தேத்தண்ணிக்கே பால் காணாமல் தந்தது. மெசின் தெருவுக்கே இடியப்ப மா தருது."

கிருபன் கையிலிருந்த தேநீர்த் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். முதலாளியோ மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"வாப்பா தந்த கைக்கடியாரத்தை வித்துத்தானே நான் இங்க கடை போட்டேன்! கொட்டகை முதல்ல இந்தப் பிள்ளைக்கு. விதியை மாத்திடலாம்."

கிருபன் அவசரமாக வயரைச் செருகினான். திரையில், அக்கா வீட்டு முற்றத்தில், முதல் வீட்டுப் பெண் நாகேஸ்வரி வந்து நின்றாள், கயிற்றோடு ஆட்டையும் பிடித்துக்கொண்டு. தந்த ஆட்டை விற்காமல் வைத்திருந்த ஒரே ஆள் அவள்தான்.

"ஐயா, சொன்ன சொல்லுக்காக நான் வைச்சிருக்கிறன். இப்ப எனக்குத்தான் கொட்டகை இல்லையோ? அப்பிடியெண்டா இண்டைக்கே வித்துப்போடுறன்!"

"ஐயோ வேணாம்மா!" என்று முதலாளி பதறினார். "உனக்கும் உண்டு. அடுத்த வருசம் நான் பாக்க ஒரு ஆடாவது வேணாமா?"