கேட்காமல் விற்ற தீவு

நத்தார்ப் பண்டிகைக்கு உருளைக்கிழங்கைச் சீனிப்பாகில் பிரட்டச் சட்டி வைத்தவள் மகள். தொலைக்காட்சியில், கிறீன்லாந்தை அமெரிக்கா வாங்க நினைக்கும் கதை. பார்த்து நின்றதில் சீனி கருகிவிட்டது. அந்த மணம் என்னை டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரிலிருந்த பழைய துணித் தொழிற்சாலையில், ஐசக்கின் மெசினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஐசக் கரிபியன் கடலிலுள்ள செயின்ட் குரோய் தீவுக்காரர். டென்மார்க் ஒருகாலம் ஆபிரிக்க அடிமைகளைக்கொண்டு கரும்பு வெட்டுவித்த தீவு அது. விடுதலைக்குப் பிறகும் சனம் கரும்புக்குள்ளும் சீனி காய்ச்சும் கொட்டிலுக்குள்ளும்தான். பிறகு அதை அமெரிக்காவுக்கு விற்றார்கள். விற்பதா என்று டெனிஷ்காரர் வாக்குப் போட்டார்கள். தீவுச்சனத்தை ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அங்கிருப்பவர்களுக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்கில்லை. சாகமுன் ஒருதரம் போடவேண்டும், அதற்கென்றே புளோரிடாவில் மருமகளோடு குடியேறப் போகிறேன் என்பார் ஐசக், ஒவ்வொரு கோப்பி இடைவேளையிலும்.

இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த எங்களுக்கு மட்டும் எங்கே வாக்கு? அமெரிக்கா வாக்களித்த அந்த நவம்பர் பின்னேரம், எங்களோடு வேலைசெய்த செல்வம் நூல்கட்டைப் பெட்டியில் துளை போட்டான். துணித்துண்டுதான் சீட்டு. கோட் போட்டிருந்த குற்றத்துக்காக நான் தேர்தல் அதிகாரி. ஊர்ப்பழக்கம் விடுமா? விரலில் மை வேண்டுமே. எங்கள் நிறத்துக்கு மை எங்கே தெரியும் என்று, தையற் சோக்கை எல்லார் சின்னவிரலிலும் தேய்த்தான்.

"கள்ளவோட்டுப் போட்டா விரல் காட்டிக் குடுக்கும், அண்ணை."

ஐசக் சிரிக்கவில்லை. வெளுத்த விரலையே பார்த்து நின்றார்.

ஆளுக்கொரு துண்டுதான் போட்டோம். கொட்டினால், ஆட்களைவிடப் பலமடங்கு குவியல். வெளியே நாலு மணிக்கே இருட்டு. நூல் மணக்கும் மண்டபத்தில் கருகிய சீனி மணந்தது. பெட்டியெங்கும் வெள்ளை விரலடையாளங்கள். சில, குழந்தை விரலளவு.

"ஆர் பகிடி விட்டது?" செல்வம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

எண்ணப்போன என் கையை ஐசக் பிடித்தார். எங்களிடம் அவர் பழகிய தமிழ் இரண்டே சொல், ஓம், பொறு.

"பொறு," என்றார். பிறகு டெனிஷில், "எங்கட பழைய ஆக்கள் இப்பதான் வந்திருக்கினம்."

துண்டுகளைப் பெட்டிக்குள் திரும்ப வைத்து, தன் மெசினுக்குக் கீழே தள்ளினார். பிறகு அதை ஒருவரும் தொடவில்லை.

அடுத்த தேர்தலுக்குமுன், புளோரிடாவுக்குப் பயணப்பெட்டி கட்டியிருந்த கிழமை, மனிதருக்கு இருதயம் நின்றுபோனது. பிரேதப்பெட்டி மூடுமுன் செல்வம் அந்தச் சின்னவிரலில் சோக்குத் தேய்த்தான். பாதிரியார் பார்த்தும் பாராததுபோல நின்றார்.

தொழிற்சாலை இப்போது உடற்பயிற்சிக்கூடம். செல்வம் கனடாவில். மெசின்கள் ஏற்றப்பட்ட நாளில் அந்தப் பெட்டியும் போய்விட்டது, எண்ணாமலே.

தீவுச்சனத்தை உண்மையிலேயே ஒருத்தரும் கேட்கவில்லையா என்கிறாள் மகள், டெனிஷில். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. யன்னலும் திறந்துதான் கிடக்கிறது. மணம் மட்டும் போகாமல் குசினிக்குள் நிற்கிறது, வரிசையில் தன் முறை வந்ததுபோல, விரலை நீட்டிக்கொண்டு.