ஆம்ப்ரோஸ் ஃபென்விக் கடைசியாகச் செத்த நாள்

இதைச் சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். சிரிக்கட்டும். பட்டப்பகலில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அங்கே நின்றவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருடம். கலிபோர்னியா பாலைவனத்தில் ஒரு கௌபாய் படம். மலிவுப் படம்தான்; ஒரே வாரத்தில் முடித்தாக வேண்டும். நான் ஒலிப்பதிவாளன். பெயர் கிளைட் பர்டெட்.

ஆம்ப்ரோஸ் ஃபென்விக் அதில் வங்கிக்காரர். ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் மேடையில் ராஜா வேடம் கட்டியவர். பேசாப் படங்களில் ஷெரீஃப். பேசும் படம் வந்த பிறகு, முதல் பத்து நிமிடத்திலேயே குண்டடிபட்டுச் சாகும் கிழவர். மனைவி, மக்கள் கிடையாது. ஹோட்டல் அறையில் தனியாகச் சாப்பிடுவார்.

"என்ன பெரியவரே, இன்னிக்கும் சாவுதானா?" என்று குதிரைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

"நீங்க ஒழுங்கா சுட்டா ஒரே தடவை. இல்லன்னா சாயங்காலம் வரைக்கும்."

அவருக்கு ஒரு வழக்கம். விழுந்தால் உடனே எழமாட்டார். மேடையில் திரை இறங்கியதும் உடன் நடித்தவர்கள் கை கொடுத்துத் தூக்குவார்களாம். அதற்காகக் காத்துக் கிடப்பார். இங்கே யாரும் கொடுத்ததில்லை. கடைசியில் தானே முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவார்.

அவருக்கு இளைப்பும் உண்டு. மைக்கில் மூச்சு விசிலடிக்கும்.

அன்று... விசில் இல்லை.

நல்லதாயிற்று என்று நினைத்தேன். பலகை நடைபாதையில் நடந்து வந்தார். பூட்ஸ் சத்தமும் இல்லை. மைக் கோளாறா? கதாநாயகன் பேசினான். கேட்டது. குதிரை கனைத்தது. அதுவும் கேட்டது.

டுமீல்!

விழுந்தார். விழுந்த சத்தம் வரவில்லை.

"கட்! சாப்பாடு!" என்றார் டைரக்டர் ஹோல்கம். எல்லோரும் கூடாரத்துக்கு ஓடினார்கள்.

தெரு காலி. வெயில். புழுதியில் அவர் மட்டும்.

ஹெட்போனைக் கழற்றப் போனேன்.

"போயிட்டாங்களா?"

காதுக்குள். மிக அருகில். அவர் முகம் என் பக்கம்தான் இருந்தது. உதடு அசையவில்லை...

"போயிட்டாங்க. எழுந்திருங்க, பெரியவரே" என்று கத்தினேன்.

"நல்லா விழுந்தேனா?"

"பிரமாதம்!"

"அப்ப... கை குடு."

போனேன். குனிந்தேன். கையைப் பிடித்தேன்.

ஐஸ்.

அந்த வெயிலில்... ஐஸ்.

எழுந்தார். காலித் தெருவைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். வங்கிக்குப் பின்னால் நடந்தார். அந்த வங்கி வெறும் பலகை முகப்பு. பின்னால் மணல்வெளி. எட்டிப் பார்த்தேன்.

யாருமில்லை.

சாப்பாடு முடிவதற்குள் ஹோட்டல்காரி மாபெல் காரில் வந்தாள்.

"ஃபென்விக் செத்துட்டாரு. கதவைத் தொறக்கலைன்னு ஒடைச்சோம். விடியறதுக்கு முன்னாடியே உசுரு போயிருக்குன்னு டாக்டர் சொல்றாரு."

ஹோல்கம் சிரித்தார். "என்னம்மா உளர்றே? இப்பத்தானே அவரைச் சுட்டோம்!"



அடுத்த வாரம் ஸ்டுடியோவில் அந்தச் சுருளைப் போட்டுப் பார்த்தோம். வருகிறார், விழுகிறார், கிடக்கிறார். எல்லாம் சரி. ஆனால் 'கட்' சொன்ன பிறகும் கேமராவை நிறுத்த மறந்திருக்கிறார்கள்.

ஆட்கள் போகிறார்கள். தெரு காலி.

புழுதியும் காலி.

நான் வருகிறேன். வெறும் மண்ணுக்குக் குனிகிறேன். கை நீட்டுகிறேன்.

என் தோள் கனம் தாங்காமல் சரிகிறது.

என் மணிக்கட்டில் சட்டைத்துணி கசங்குகிறது... ஒரு கை பிடித்ததுபோல், விரல் விரலாக.