அத்தானின் கடைசி அப்கிரேடு

என் வீட்டுக் கூடத்தில் இடுப்புயரத்துக்கு இரண்டு பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் நிற்கின்றன. இங்கிலாந்தில் செய்தவை. வால்நட் மரம், துணி போர்த்திய முகப்பு, தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் கனம். யாங்கோனில் இப்படிப்பட்ட பெட்டிகளுக்காக அலைகிற ஒரு கூட்டம் உண்டு. அவர்களில் யாராவது வந்து, துணியை விலக்கி, முன்பலகையைத் தடவிப் பார்த்து, "உள்ளே எதையும் மாற்றவில்லையே?" என்று கேட்டால், "மாற்றாதது ஒன்றுமில்லை, மாற்றியதில் பாதியைத் திரும்பவும் மாற்றியாயிற்று" என்பேன். விழிப்பார்கள். விழிக்கட்டும், அது நின்றுகொண்டே சொல்கிற கதையில்லை. பெட்டிகள் என் அத்தானுடையவை, அக்காவின் கணவருடையவை. அவர் இப்போது இல்லை. அக்கா என்னோடு இருக்கிறாள்.

அத்தான் கப்பல் எஞ்சினியர். எஞ்சின் அறைக்குள் கால் வைத்ததுமே, சத்தத்தை வைத்து எந்த வால்வு மக்கர் செய்கிறது என்று சொல்லிவிடுவாராம். அவரே சொன்னதுதான், நாங்களும் நம்பினோம். பழைய ஹோட்டல் ஒன்றை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதன் நடன அறையிலிருந்து இந்தப் பெட்டிகளை வாங்கி வந்தார். மூன்றாம் மாடியிலிருந்த அவர் வீட்டுக்கு ஏற்ற, தெருவில் லோஞ்சிக் கைலியை மடித்துக் கட்டத் தெரிந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் வரவேண்டியிருந்தது. கீழ் ஸ்வரத்துக்கான வூஃபரைச் சுற்றியிருந்த நுரை விளிம்பு தொட்டவுடன் பொடியாய் உதிர்ந்தது. அதைப் புதிதாக ஒட்டினார். வற்றிப்போன கபாசிட்டர்களை எடுத்துவிட்டு நல்லவை போட்டார். அந்த வேலையில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். தேவாலயப் பாடகர் குழுவில் இத்தனை காலம் ஆல்ட்டோ பாடுகிறவள் நான், காது விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு பெண் பாடும் முன் மூச்சிழுப்பதுகூட அந்தப் பெட்டியில் கேட்டது. அடேயப்பா, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் கப்பலை விட்டு வீட்டோடு தங்கிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. "மேல் ஸ்வரம் மங்கிப்போச்சு" என்று முனகத் தொடங்கினார். மேல் ஸ்வரத்தை எழுப்பும் பட்டுத் துணி ட்வீட்டரைக் கழற்றிவிட்டு உலோக ட்வீட்டர் போட்டார். போதவில்லை. உச்ச ஸ்தாயியை அடக்கி வைத்திருந்த ரெசிஸ்டரையும் பிடுங்கினார். ஒவ்வொரு தடவையும், "இப்பதான் உள்ளபடி கேக்குது" என்று முகமெல்லாம் பூரிப்பார். எங்களுக்கோ பல் கூசும். சிம்பல் அடித்தால் எவர்சில்வர் தட்டு மாடிப்படியில் உருள்கிற மாதிரி இருக்கும். கரண்ட் வரும்போது "மீ லாபீ!" என்று தெருப் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள் அல்லவா? அதைக் கேட்டதும் மற்ற வீட்டுப் பெண்கள் சோறு வைக்கவும் தண்ணீர் ஏற்றவும் ஓடுவார்கள். என் அக்கா பஞ்சைத் தேடி ஓடுவாள். காதில் அடைத்துக்கொண்டு பின்கட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

"இந்தப் பெட்டி இருக்கிற வீட்ல எனக்கு இடமில்லடி. ஷ்வேப்யிதாவுக்கு, மக வீட்டுக்கே போயிடறேன்" என்றாள் ஒருநாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போனால் திரும்பமாட்டாள் என்று அவள் குரலே சொன்னது.

சரி, நான் சொல்கிறேன் என்று கிளம்பினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மச்சினி என்றால் அத்தானைக் கேலி செய்ய வேண்டும், அது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். கல்யாணப் பந்தலிலேயே அவர் செருப்பை ஒளித்தவள் நான், அன்றிலிருந்து ஓயவில்லை. அதனால் "உங்க காதுக்கு வயசாயிடுச்சு அத்தான்" என்று நான் மெய்யாகவே சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன் வாய்க்கு வயசாகலையே!" என்றார். மறுபடி சொன்னேன், இன்னும் பலமாகச் சிரித்தார். டாக்டரிடம் போகலாம் என்றேன். "பாத்தியா, இன்னைக்கு இவ நல்ல மூடுல இருக்கா" என்று அக்காவிடம் சொன்னார். முப்பது வருஷக் கேலி என் பேச்சை எதற்கும் உதவாததாக்கி வைத்திருந்தது.

அடுத்தது, புனல் வாய் வைத்த ஹார்ன் ட்வீட்டர் என்றார். அதைப் பொருத்த முன்பலகையில் பெரிய ஓட்டை போட வேண்டும். போட்டால் போட்டதுதான், அந்த மரம் திரும்பக் கிடைக்காது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் தச்சர் ரம்பத்தோடு வந்தார். அதே நேரம் அக்கா படுக்கையறையில் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் பேட்டரி தீரும் தறுவாயில் அலாரம் கத்த ஆரம்பித்தது. ஊசி மாதிரி குத்தும் சத்தம். தச்சர் பென்சிலைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அந்தச் சனியனை யாராவது நிறுத்துங்க!" என்று அக்கா உள்ளேயிருந்து அலறினாள். அத்தான் மட்டும், ஓட்டையின் அளவை நிதானமாக விளக்கிக்கொண்டேயிருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இன்வெர்ட்டர் முன்னால் நிறுத்தினேன். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அந்த விளக்கு மினுக்கினால் கூடவே என்ன வரும் என்று ஒரு எஞ்சினியருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். விளக்கைப் பார்த்தார். காதைப் பொத்திக்கொண்டிருந்த தச்சரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

"சத்தம் வருதா?"

"வருது அத்தான்."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் அறைகளுக்குக் காதைக் கொடுத்தே பிழைத்த மனுஷன். அந்த எஞ்சின்களே அதைத் தின்றுவிட்டிருந்தன. தச்சருக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தோம்.

மறுவாரமே காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டு வந்தார். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை அவர். அன்றைக்கே பட்டு ட்வீட்டரையும் ரெசிஸ்டரையும் பழைய இடத்தில் வைத்துப் பற்றவைத்தார். "இதான் கடைசி அப்கிரேடு. பெட்டிய விட்டுட்டு ஆளைச் சரி பண்ணியாச்சு" என்று மெஷினைத் தட்டிக் காட்டினார்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. தெருவில் கூச்சல் கிளம்பியதும், "பிள்ளைங்க இப்படியா கத்துதுங்க?" என்று திடுக்கிட்டார். நான் பெட்டிகளுக்கான ஆம்ப்ளிஃபையரைப் போடப் போனேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தரையில் அக்கா பூண்டு உரித்துக்கொண்டே, வழக்கம்போல் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னே?" என்றார் அத்தான்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணுமில்ல. இந்தத் தடவை பூண்டு ரொம்பப் பொடிசா இருக்குன்னேன்."

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இந்த மாதிரி சின்ன விஷயத்தையெல்லாம் கத்திச் சொல்ல முடியுமா? சொல்றதையே விட்டுட்டேன்."

அத்தான் எழுந்து போய், அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முறத்தில் பாதிப் பூண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"விட்டதுலேருந்து சொல்லு" என்றார்.

அன்றைக்குப் பெட்டிகளைப் போடவேயில்லை. கரண்ட் போகிறவரை அக்காதான் பேசிக்கொண்டிருந்தாள், போன பிறகும் பேசினாள்.